வீரன் பேசும் மொழி

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, என் பேரனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சென்றிருந்தேன். கடற்கரைக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் மணலில் அமர்ந்தோம். பேரன் உயர்நிலைப் பள்ளி மாணவன். பள்ளி ஆண்டு விழாவில் நடிப்பதற்கெனத் தானே ஒரு நாடகம் எழுதியிருந்தான். அதனை எங்களுக்குப் படித்துக் காட்டினான்.

நாடகத்தின் கதை இது: புயலில் சிக்கிய மீனவர் படகு ஒன்று கவிழும் நிலையில் தத்தளிக்கின்றது. அவ்வேளையில், பாறைக்குள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிய மாமல்லன், வானில் பறக்கும் ஆற்றல் பெற்ற மாவீரனாக வெளிப்படுகின்றான். வெளிப்பட்டவன் உடனே கடலிற் பாயவில்லை. கரையில் நின்று, தன் குலப்பெருமை, கொடிப்பெருமை, தோள்வலிமை, வாள்வலிமை ஆகியவற்றை அடுக்கடுக்காக எடுத்துரைக்கின்றான். அவ்வுரை ஏட்டில் ஒன்றரைப் பக்கம் நீண்டது. என் பேரன் அதனை முழங்கி முடித்ததும், பேத்தி சிரித்துவிட்டாள்.

“அண்ணா! உன் மாமல்லன் பேசி முடிப்பதற்குள் படகு மூழ்கிப் போய்விடுமே!” என்றாள்.

பேரனுக்குச் சினம் வந்துவிட்டது. “அரசன் என்றால் அப்படித்தான் பேசுவான். தெருவில் நிற்பவனைப்போல ‘இதோ வந்துவிட்டேன்’ என்றா சொல்லுவான்? தாத்தா, நீங்களே சொல்லுங்கள்” என்று என்னை நடுவராக்கினான்.

நான் உடனே விடை கூறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்த எனக்கு இவ்வழக்கு எளியதாகத் தோன்றவில்லை. வியத்தகு ஆற்றல் படைத்த வீரர்கள் எம்மொழியிற் பேசவேண்டும்? அணிகள் நிறைந்த உயர்நடையிலா, அன்றி எல்லார்க்கும் விளங்கும் எளிய நடையிலா? மாணவர்களே! அன்று முதல் நான் எண்ணிப் பார்த்தவற்றை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் பேரன் பக்கத்து நியாயத்தைக் காண்போம். எங்கள் தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாக்காலத்தில் பாரதக் கூத்து நடைபெறும். செய்யாற்றுப் பக்கத்தில் உள்ள புரிசை, இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர். கூத்தில் அருச்சுனனோ துரியோதனனோ தோன்றும்போது, முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுகின்றான். பின்னர் வெளியே வந்து, தான் இன்னான் என்பதை நீண்ட வசனத்தால் விரித்துரைக்கின்றான். தலையில் பெரிய கிரீடம், தோளில் புயக்கட்டை, மார்பில் பதக்கம். பேச்சிலும் அவற்றுக்கு இணையான அணிகள். இஃது ஏன்?

ஒலிபெருக்கியும் மின்விளக்கும் இல்லாத நாளில் பிறந்த கலை அது. திறந்த வெளியில், தீவட்டி வெளிச்சத்தில், விடிய விடிய நடந்தது. கடைசி வரிசையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் கிழவரும், ‘வந்திருப்பவன் சாதாரண மனிதன் அல்லன்’ என்று நிமிர்ந்து உட்காரவேண்டும். அடுக்குமொழியும் எதுகையும் திரும்பத் திரும்ப வரும் சொற்களும் அந்த வேலையைச் செய்தன. ஆகவே, அந்த அலங்காரம் வீண் அன்று. இரவுக்கும் வெளிக்கும் ஏற்ற கருவி.

ஆனால் அதே கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. அவன் மன்னனை “யார் நீங்கள்? எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று ஊர்ப் பேச்சிலேயே கேட்பான், நகைப்பான், மன்னன் கூறியதன் பொருளை மக்களுக்கு விளங்கச் செய்வான். உயர்நடையும் எளியநடையும் ஒரே மேடையில், ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பேரனும் பேத்தியும் வழக்காடிய இரண்டு கட்சிகளையும் நம் முன்னோர் ஒரே கூத்தில் நிறுத்தியிருந்தனர் என்பதை எண்ணி வியந்தேன்.

இனி, கல்வெட்டு ஒன்றைப் பார்ப்போம். செங்கல்பட்டை அடுத்துள்ள வல்லம் என்னும் ஊரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குடையப்பட்ட குடைவரைக் கோயில் ஒன்று இருக்கின்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் அம்மன்னனுடைய விருதுப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்பன அவை. பிடுகு என்பது இடி. பிளவுபடாத இடி போன்றவன் என்பது முதற்பெயரின் பொருள். பகைவரை வெல்லும் மல்லன் என்பது சத்துருமல்லன் என்பதன் பொருள். இன்றைய படக்கதை வீரர்களுக்குச் சூட்டப்படும் பெயர்களுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு மிகுதியில்லை. மகேந்திரன் மகன் நரசிம்மவர்மனும் மாமல்லன், அதாவது பெரிய மல்லன், என்ற பட்டம் பூண்டான். அப்பட்டமே இக்கடற்கரை நகரின் பெயராயிற்று என்பர். ஆகவே, வீரனுக்குப் பெரும்பெயர் சூட்டும் ஆசை நமக்குப் புதிதன்று.

அக்கல்வெட்டின் முடிவு என்ன தெரியுமா? அம்மன்னனுக்கு அடங்கிய வசந்தப்பிரியன் என்னும் சிற்றரசனின் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் இது என்று கூறி முடிகின்றது. மன்னனுக்கு நான்கு பட்டங்கள். மலையைக் குடையச் செய்த கந்தசேனனுக்கோ தந்தை பெயரும் தன் பெயரும் தவிர வேறொன்றும் இல்லை. செய்ததைக் கூறும்போது அவனுக்கு ஒரு வினைச்சொல்லே போதுமானதாயிற்று. பட்டங்கள் ஆளைக் காட்டுகின்றன. வினைச்சொல் செயலைக் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பம்மல் என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873 ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1891 ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பாட்டுக்களே மிகுந்திருந்த தமிழ் மேடையில், உரைநடை உரையாடலுக்கு உரிய இடத்தைத் தேடித் தந்தவர் அவர். அவர் எழுதிய மனோகரா நாடகம் 1954 ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்தபோது, மு. கருணாநிதி அதற்கு உரையாடல் எழுதினார். சிவாஜி கணேசன் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு நின்று பேசிய அவைக்களக் காட்சியைத் தமிழ்நாடே பேசிற்று. 1959 ஆம் ஆண்டில் வீரபாண்டிய கட்டபொம்மன் வந்தது. அதன் உரையாடலை எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. எழுத்தறியாதவர்களும் அவ்வசனங்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தனர். பள்ளி மேடைகளிற் பிள்ளைகள் அவற்றைப் பேசிப் பேசித் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டனர். அடுக்குமொழி மக்களுக்கு விளங்காது என்பார் கூற்றுக்கு இதுவே மறுப்பு. உணர்ச்சி தெளிவாக இருந்தால், அரிய சொல்லையும் மக்கள் ஏற்பர்.

பேத்தியின் பக்கத்திலும் சான்றுகள் பல உள. 1947 ஆம் ஆண்டில் தோன்றிய அம்புலிமாமா இதழில் வேதாளமும் விக்கிரமாதித்தனும் சிறுவர்க்கு விளங்கும் தமிழிலேயே உரையாடினர். 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழில், உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மாயாவி தமிழ் பேசினான். படக்கதையில் பேச்சை எழுதக் கிடைக்கும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். அங்கே அடைமொழிக்கு இடமில்லை. இடத்தின் சுருக்கமே நடையின் சுருக்கத்தைக் கற்பித்தது.

இம்மாமல்லபுரத்தைக் கதைக்களமாக்கி, 1944 முதல் 1946 வரை கல்கி எழுதிய சிவகாமியின் சபதத்தை நீங்கள் அறிவீர்கள். அதில் மகேந்திர பல்லவரும் ஆயனச் சிற்பியும் செம்மையான தமிழே பேசுகின்றனர். ஆயினும் அத்தமிழுக்கு அகராதி வேண்டுவதில்லை. அவருடைய பொன்னியின் செல்வன் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைக்கு வந்தது. உரையாடலை எழுதிய ஜெயமோகன் பழைய அடுக்குமொழியை விடுத்து எளிய நடையைக் கையாண்டார். எங்கள் வீட்டில் இளையோர், “இயல்பாக இருக்கிறது” என்றனர். என் வயதினர் சிலர், “சோழ மன்னன் சற்றே உரத்துப் பேசியிருக்கலாம்” என்றனர். ஒரே மொழியில் ஒரு தலைமுறைக்குள் செவிச்சுவை எவ்வளவு மாறிவிட்டது!

எனவே, இருபக்கமும் சான்று உண்டு. அப்படியாயின் எது தக்கது? இதற்கு விடை கூறுமுன், என் வாழ்வில் நான் செய்த பிழையொன்றைச் சொல்லவேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பல்லவர் நாடகம் ஒன்று எழுதி நடத்தினேன். மன்னன் வேடத்துக்கு, கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவனை முதலில் தேர்ந்தேன். கடலிரைச்சலுக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய கம்பீரமான குரல் அவனுக்கு. ஆனால் நான் எழுதியிருந்த நெடுந்தொடர்கள் அவன் நாவில் வழுக்கின. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மன்னன் வேடத்தை வேறொருவனுக்குத் தந்தேன், அவனைக் காவலனாக்கினேன். பகைவர் கப்பல்கள் வரும் செய்தியை அறிவிப்பது ஒன்றே அவன் வேலை. அதற்கும் அலை, முகில், சிங்கம், யானை என உவமை நான்கு வைத்து எழுதிக்கொடுத்திருந்தேன்.

விழா நாளில் காவலன் மேடைக்கு ஓடிவந்தான். என் வசனம் அவனுக்கு மறந்துபோயிற்று. ஒருகணம் திகைத்து நின்றான். பிறகு, மன்னனை நேரே பார்த்து, “ராசா, கொண்டல் திரும்பிடுச்சு. கப்பலெல்லாம் தானா கரைக்கு வந்துடும். நிக்காதீங்க” என்றான்.

அவையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. முன்வரிசையில் இருந்த மீனவப் பெண்கள் தம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டனர். கொண்டல் என்பது கீழைக்காற்று. அது வீசினால் கடலிலுள்ள கலங்கள் கரைநோக்கித் தள்ளப்படும் என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். நாடகம் முழுவதிலும் உண்மையான அச்சம் தோன்றிய இடம் அது ஒன்றே.

நான் என்ன செய்தேன்? திரைக்குப் பின்னால் வந்ததும், எழுதியதைப் பேசாமல் கொச்சையாகப் பேசி நாடகத்தைக் கெடுத்தாய் என்று பிறர் முன்னிலையில் அவனைக் கடிந்தேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அதன்பின் அவன் மேடை ஏறவே இல்லை. வகுப்பிற்கூட வாய்திறந்து விடை கூறுவதைக் குறைத்துக்கொண்டான். கொண்டல் என்பது நிகண்டிலும் இலக்கியத்திலும் வழங்கும் பழந்தமிழ்ச் சொல். அதனை நான் நூலிற் கற்றேன், அவன் கடலிற் கற்றான். இருவரிடமும் இருந்தது ஒரே தமிழ் என்பதை அன்று நான் உணரவில்லை. ஒருவன் தன் மொழி வீரர்க்கு உரியதன்று என்று எண்ணத் தொடங்கினால், வீரமும் தனக்கு உரியதன்று என்றே எண்ணிவிடுவான். அந்த எண்ணத்தை ஓர் இளைஞன் உள்ளத்தில் விதைத்தவன் நான். இன்றும் அது என்னை வருத்துகின்றது.

இப்பொழுது என் கருத்தைக் கூறுகின்றேன். அலங்கார நடையாயினும் எளிய நடையாயினும், பேசுபவன், கேட்பவன், பேசும் வேளை ஆகிய மூன்றுக்கும் பொருந்துவதே தக்க நடை. கொலுமண்டபத்தில் தூதனுக்கு முன்னே மன்னன் தன் பெருமையை விரிக்கலாம். அங்கே காலம் உண்டு, காரணமும் உண்டு. மூழ்கும் படகுக்கு முன்னே அவன் விரிப்பானாயின், அவன் பெருமை அவன் வாயினாலேயே அழிகின்றது. நன்னூலாசிரியர் பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்களை எண்ணும்போது, மிகைபடக் கூறலைக் குற்றம் என்கின்றார். குன்றக் கூறலையும் குற்றம் என்கின்றார். இருபுறமும் வேலி கட்டிய அவ்வறிவுடைமையை நாம் மறக்கலாகாது.

புறநானூற்றில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்லுகின்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகின்றான். மாலை சூட்டி, மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவலில் வைக்கப்பட்டுள்ள அக்கருவிகளின் அழகை ஔவையார் எடுத்துரைக்கின்றார். அதியமானுடைய வேல்களோ போரிற் பகைவரைக் குத்தி நுனி முரிந்து, கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்கின்றார். புகழ்வது போல் இகழ்ந்த நயத்தை நோக்குங்கள். சொல்லும் ஒரு படைக்கலமே. பீலி அணிந்த சொல் பார்க்க அழகியது. அது பயன்பட்டதா என்பதே கேள்வி.

அந்நூலிலேயே இளவயது மன்னனான பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினப் பாட்டு இருக்கின்றது. பகைவரை வெல்லாவிடின், குடிமக்கள் என்னைக் கொடியவன் எனத் தூற்றுவாராக. புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிவாராக. இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை என்னை அடைவதாக என்று அவன் சூளுரைக்கின்றான். தன் தோளின் பெருமையை அவன் கூறவில்லை. தோற்றால் தான் இழக்கப் போவது என்ன என்பதைக் கூறுகின்றான். கேட்பவர் மெய்சிலிர்ப்பது அதனால்தான். வீரவுரைக்கு உயரம் தருவது அடைமொழியன்று. பேசுபவன் பணயமாக வைக்கும் பொருளே ஆகும்.

பிறநாட்டுப் பெருங்கவிஞரும் இதனை அறிந்திருந்தனர். சேக்சுபியர் தம் நாடகங்களில் பெரும்பாலும் மன்னர்க்குச் செய்யுளும் எளியோர்க்கு உரைநடையும் வகுத்தவர். அவருடைய லியர் மன்னன், புயலை நோக்கி இடிபோல முழங்கியவன், இறுதியில் இறந்த மகளை ஏந்தி நிற்கும்போது, தன் உடையின் பொத்தானைக் கழற்றிவிடுமாறு பக்கத்திலிருப்பவரை வேண்டுகின்றான். முழக்கம் அனைத்தும் ஓய்ந்து, ஒரு பொத்தான் எஞ்சுகின்றது. துயரத்தின் அடியைத் தொட்டவனுக்கு அலங்காரம் தோன்றாது.

அப்படியாயின், செந்தமிழை மேடையினின்று நீக்கிவிடலாமா என்று சிலர் கேட்பர். அது கூடவே கூடாது. இன்று வேறொரு தீமை வளர்ந்து வருகின்றது. திரைப்படங்கள் பலவற்றில் தூய தமிழ் பேசும் ஒருவர் தோன்றினால், அவரைக் கண்டு சிரிக்கவேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. கடற்கரைச் சிறுவனின் பேச்சை இழிவென்று கருதிய நான் எவ்வளவு தவறினேனோ, அவ்வளவு தவறினர் செம்மொழியை நகைப்புப் பொருளாக்கியவர்கள். எளிய நடை ஒன்றையே கொண்ட மொழி, ஒரே நரம்பு கொண்ட யாழ் போன்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மன்னனும், வேறுலகிலிருந்து வந்த மாயாவியும், நம் தெருமுனைக் கடைக்காரரும் ஒரே குரலிற் பேசினால், கதை கேட்பவன் எங்கே நிற்கின்றான் என்பதை எதனால் அறிவான்? 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த பாகுபலியில், கொடிய பகைக்கூட்டத்தார்க்கென்றே கிளிக்கி என்னும் புதுமொழியை மதன் கார்க்கி படைத்தார். பொருள் விளங்காத அவ்வொலியே அச்சத்தை விளைத்தது. வியப்புக்கதைக்கு வேற்றுக்குரலும் தேவை என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

ஆகவே, எழுத விரும்பும் மாணவர்களே, உங்கள் வீரனின் பேச்சை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அடைமொழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அதன்பின்னும் ஒரு துணிவோ, ஒரு துயரமோ, ஒரு வாக்குறுதியோ எஞ்சி நின்றால், நீக்கியவற்றுள் வேண்டியதை மீண்டும் சூட்டுங்கள். அது அழகு செய்யும். ஒன்றும் எஞ்சவில்லையெனின், அங்கே வீரன் இல்லை. உடை மட்டுமே நின்று பேசியிருக்கின்றது.

அன்று மணலில் அமர்ந்து இவற்றுட் சிலவற்றைப் பேரனுக்குக் கூறினேன். அவன் சிறிது நேரம் அலைகளைப் பார்த்திருந்தான். பிறகு எழுதுகோலை எடுத்து ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தான். அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் சென்று, “ஐயா, படகு கவிழும்போது காப்பாற்ற வருபவர் முதலில் என்ன சொல்லுவார்?” என்று கேட்டான்.

அவர் சிரித்தார். “என்னத்தச் சொல்றது தம்பி? ‘கயித்தப் புடி’ம்பாரு” என்றார்.

இப்பொழுது பேரனின் நாடகத்தில் மாமல்லன் பாறையைப் பிளந்துகொண்டு வந்ததும் பேசும் முதற்சொற்கள் அவைதாம். படகு கரைசேர்ந்த பின், மீனவர்கள் அவனை நோக்கி, “நீ யார்?” என்று கேட்கின்றனர். அப்பொழுது அவன் தன் குலமும் பட்டமும் கூறி, உயர்ந்த செந்தமிழில் நான்கு தொடர் பேசுகின்றான். பேத்தி இம்முறை சிரிக்கவில்லை.